துடிக்கிற பக்கம் சுவர்

பிரின்சிக்குச் சும்மா உட்கார வராது. இன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருக்கிற வேலையே அதுதான். காலரியில் மூன்றாவது படியில் உட்காரணும், கையில் கார் சாவியோடு தொங்குமே அந்த மாதிரி ஒரு கறுப்பு ரிமோட், அதில் ஒரே ஒரு பொத்தான், பொத்தான்மேல் கட்டைவிரல். அமுக்கினால், மைதானத்தில் எந்த மூலையில் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆவுடையக்காவின் இடுப்புப் பட்டையில் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் துடிக்கும். எல்லாம் துடித்தால் நில் என்று அர்த்தம். நாலு சுற்று முடிந்ததும் அமுக்குங்க, நடுவில் ஆபத்து என்றால் அமுக்குங்க, மற்றபடி தொடவே கூடாது என்று நஸ்ரின் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பக்கத்தில் லேப்டாப்போடு நின்றுகொண்டிருக்கிறாள். நஸ்ரின் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அவளும் கூடப் படிக்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து செய்த பட்டை இது. இடது விலாவுக்குக் கீழே ஒரு மோட்டார், வலது பக்கம் ஒன்று, தொப்புளுக்கு நேராக ஒன்று, முதுகில் ஒன்று. போனுக்குள் இருந்து உர்ரென்று உறுமுமே, அதே சாமான். நெஞ்சில் வார் போட்டுக் கட்டிய பழைய போன் ஒன்று தரையில் இருக்கிற சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். கோட்டை ரொம்ப நெருங்கினால் இடது பக்கம் துடிக்கும், ரொம்ப விலகிப் போனால் வலது பக்கம். அவ்வளவுதான் விஷயம், கண் தெரியாத ஒரு ஆள் யார் கையையும் பிடிக்காமல் ஓடலாம். ஆவுடையக்காவுக்குப் பதினொரு வயதில் பார்வை போனது, இப்போது இருபத்தேழு. பதினாறு வருஷத்தில் தனியாக ஓடுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், நாலு சுற்று, நடுவில் நிற்காமல், ஒரு ஆள் துணை இல்லாமல், அது போதும் எனக்கு என்று. மணி ஆறே கால்தான் ஆகிறது, வெயில் இன்னும் காலரிக்கு வரவில்லை, கட்டைவிரல் மட்டும் வியர்க்கிறது. பிரின்சி அதைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் பொத்தான்மேல் வைத்தாள். துடைக்கிற அந்த ஒரு நொடியில் ஏதாவது ஆகியிருந்தால் என்று உடனே தோன்றியது. இனிமேல் துடைக்கக் கூடாது, வியர்த்தால் வியர்க்கட்டும்.

அக்கா கிளம்பி நூறு மீட்டர் போயிருப்பாள். பிரின்சிக்கு முதலில் என்ன வித்தியாசம் என்றே பிடிபடவில்லை, ஏதோ தெரியாத ஆள் ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஆறு நாள் அக்காவோடு ஓடுகிறாள், ஆனால் அக்கா ஓடி இவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்க்க முடியும், பக்கத்தில்தானே ஓடிக்கொண்டிருந்தாள், கண் முழுக்கத் தரையிலும் முன்னால் போகிறவன் முதுகிலும் இருக்கும். பக்கத்தில் மூச்சு கேட்கும், தோள் உரசும், அக்காவின் வலது கைக்கும் தன் இடது கைக்கும் நடுவில் ஒரு சாண் ஷூ லேஸ், அதன் இரண்டு முனையிலும் கண்ணி, ஆளுக்கு ஒரு கண்ணியில் விரல். அந்தக் கயிறு வழியாகத்தான் எல்லாமே. ஒரு சுண்டு சுண்டினால் வளைவு வருகிறது. இரண்டு சுண்டினால் வளைவு முடிந்து நேர். விடாமல் இறுக்கினால் யாரோ முந்தப் பார்க்கிறார்கள். தளர விட்டால் கடைசி நூறு மீட்டர், இனி உன் இஷ்டம், போ. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், சொன்னால் மூச்சு வீண். இப்போது பார்த்தால் அக்கா மோவாயைத் தூக்கிக்கொண்டு, எதையோ மோப்பம் பிடிக்கிற மாதிரி ஓடுகிறாள். குதிகால் இரண்டும் வெளிப்பக்கமாகச் சீவிக்கொண்டு போகிறது, கோச் தங்கதுரை சார் பார்த்தால் திட்டுவாரே, அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார், எனக்கு ஏன் சொல்லவில்லை. இடது கை நன்றாக வீசுகிறது. வலது கைதான் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, விரலை லேசாக மடக்கிக்கொண்டு, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பிரின்சி தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். அதுவும் அப்படித்தான் மடங்கியிருந்தது. சீ என்று விரலை விரித்துப் படியில் வைத்தாள், சிமென்ட் சில்லென்று இருந்தது.

அக்காவின் இடுப்பில் இப்போது என்ன துடிக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கயிறு அப்படியில்லை, அது இரண்டு பக்கமும் பேசும். ஒரு நாள் வீட்டில் அம்மாவோடு பெரிய சண்டை, ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் பிரின்சி வந்து ஓடினாள், அரைச் சுற்றுகூட முடியவில்லை, என்னட்டி வீட்ல சண்டையா என்று அக்கா கேட்டுவிட்டாள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு, இவள் ஒரு சாண் லேஸில் கண்டுபிடித்தாள். பட்டை அக்காவுக்குச் சொல்லும், அக்கா சொல்கிறது பட்டைக்கு ஏறாது. பட்டையைக் கட்டிப் பார்த்த முதல் நாளே தகராறுதான். முதலில் அக்காவுக்குக் கூச்சம், இடுப்பில் துடித்ததும் நெளிந்து சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள், தேன்கூட்டைக் கட்டி விட்டுட்டிய என்றாள். அது பழகியதும் அடுத்த பேச்சு வந்தது, துடிக்கிற பக்கம் போகணுமா, துடிக்கிற பக்கத்தை விட்டு விலகணுமா. நஸ்ரின் செய்து கொண்டுவந்தது போகிற மாதிரி. பிரின்சியும் அதுதான் சரி என்றாள், கையைப் பிடித்து இழுத்தால் இழுத்த பக்கம்தானே போவோம், அதுதானே நமக்குப் பழக்கம். அக்கா பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"வேண்டாம்ட்டி. துடிக்கிற பக்கம் சுவர்னு வச்சுக்கிடுவோம். இத்தன வருசமா எல்லாரும் என்ன இழுத்துக்கிட்டுத்தான் போறாவ. இது ஒண்ணாவது இடிக்கட்டும், நான் விலகிக்கிடுதேன்."

நஸ்ரின் சிரித்துக்கொண்டே இரண்டு வரியை மாற்றி எழுதிவிட்டாள், அவளுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. பிரின்சிக்கு அந்த எல்லாரும் என்கிற வார்த்தை இன்றைக்கு வரைக்கும் செரிக்கவில்லை. நான் எங்கே இழுத்தேன். இழுக்கவே கூடாது, போட்டியில் கூட ஓடுகிறவள் இழுத்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அது தெரிந்துதானே தோளுக்குத் தோள் ஓடினேன். ஆனால் அந்த இழுப்பைச் சொல்லியிருக்க மாட்டாள். ரோடு தாண்ட வேண்டாம் என்று நிற்கிறவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விடுகிறார்களே, தாலுகா ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்கு அக்கா போகிறபோது பஸ்ஸில் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கிறார்களே, அந்த எல்லாரும். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டால், போகட்டும், நானும் அந்த எல்லாரில் ஒருத்திதான், சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. இதை நினைத்ததும் பிரின்சிக்கு வந்தது கோபம் இல்லை, வேறு ஒன்று. அதுக்குப் பேர் வைக்க அவளுக்கு வரவில்லை. நெஞ்சுக்குழியில் சூடாக, டீ குடித்த மாதிரி.

உண்மையைச் சொன்னால் இந்தப் பட்டை கெட்டுப் போகணும் என்று நினைத்ததும் உண்டு. ஒரு தடவை இல்லை, போன வாரம் முழுக்க. நேற்று, வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருவருடைய பத்திரத்தை நாற்பது பக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போது நினைத்தாள், மழை பெய்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போகுமே. பன்னிரண்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சோகக் கதை வேண்டியிருக்கிறது, அப்பா குடிக்கிறாரா, கஷ்டமா என்று குனிந்து கேட்பார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. போரடித்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்காரணும், கரும்பலகையில் எழுதுகிறதை நோட்டில் எழுதணும், அதைப் படித்து மறுபடியும் இன்னொரு தாளில் எழுதணும். ஒரு நாள் வேதியியல் டீச்சர், உனக்கு ஓடத்தான் தெரியும் என்றார். பிரின்சி பையை எடுத்துக்கொண்டு, ஆமா டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்த பிறகுதான், ஓடுகிறதையும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் இல்லாதவளை எந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். மிச்சம் இருந்தது இந்த ஒரு சாண் லேஸ்தான். காலை ஐந்தரைக்கு ஒருத்தி எனக்காகக் கேட்டில் நிற்கிறாள், நான் போகாவிட்டால் அவள் ஓட முடியாது, அதனால் நான் எழுந்திருக்கிறேன். அந்த ஒரு அதனால் போய்விட்டால் பத்து மணி வரைக்கும் படுத்துக் கிடப்பேன். இப்போது இந்தக் கட்டைவிரலை லேசாக ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அக்கா நடு மைதானத்தில் நின்றுவிடுவாள், என்ன ஆச்சு என்பாள், பட்டையில் ஏதோ கோளாறு என்று எல்லாரும் ஓடுவார்கள், நாளைக்குக் காலையில் பழையபடி ஷூ லேஸ். யாருக்கும் தெரியாது. பிரின்சிக்கு மட்டும் தெரியும். பிரின்சி கட்டைவிரலைப் பார்த்தாள், யாரோ மாதிரி இருந்தது, நகத்தில் ஜெராக்ஸ் மை. இல்லை. அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை என்று சொல்ல வரவில்லை, அப்படிச் செய்கிற ஆளாக இருந்திருக்கலாம், இன்றைக்கு இல்லை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

நகத்தைப் பார்த்ததும் மையோடு ஒட்டியிருந்த வெள்ளையும் கண்ணில் பட்டது. சுண்ணாம்பு. கோடு. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் மைதானத்துக் கோடெல்லாம் கரைந்து போய், நேற்று சாயங்காலம் கடையில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்து பிரின்சிதான் மறுபடியும் போட்டாள். கோடு போடுகிற வண்டிக்குச் சக்கரம் உடைந்து கிடந்தது, பால்பவுடர் டின்னில் ஆணியால் துளை போட்டு, சுண்ணாம்புப் பொடியை நிரப்பித் தட்டிக்கொண்டே நடந்தாள். நேர்ப் பகுதியில் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டினால் போதும். வளைவில் அப்படி முடியாது, நடுவில் முளை அடித்து நீளக் கயிற்றைச் சுற்றி வரணும், ஒரு ஆள் போதாது. முதல் வளைவை வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் செய்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வளைவுக்கு வரும்போது அவர் போய்விட்டார், இருட்டிக்கொண்டு வந்தது, கடையிலிருந்து வேறு போன், கண் மதிப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோதே தெரிந்தது, ஒரு இடத்தில் கோடு உள்பக்கமாகச் சரிந்து போயிருந்தது. உள்பக்கம் சிமென்ட் வடிகால், முழங்கால் ஆழம். சரிந்த இடத்தில் வடிகால் விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. காலையில் வந்து சரி பண்ணிக்கிடலாம் என்று நினைத்தாள். காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள், பட்டையைக் கட்டினார்கள், அக்கா சிரித்தாள், மறந்துவிட்டது. கயிறு பிடித்து ஓடுகிறபோது கோணல் கோடு ஒரு பொருட்டே இல்லை, கண் இருக்கிறதே. பட்டைக்கு நான் போட்ட கோடுதான் கண்.

அக்கா இப்போது அந்த வளைவுக்குள் நுழைகிறாள், முதல் சுற்று. அமுக்கு. அமுக்கினால் நிற்பாள், நின்றால் நாலு சுற்று போச்சு, பதினாறு வருஷம் போச்சு. அமுக்காவிட்டால் ஒரு கால் வடிகாலுக்குள் போகும், கணுக்கால் மடங்கும், அவள் சத்தம் போட மாட்டாள், அதுதான் மோசம், ஒரு தடவை முள் குத்தினபோதுகூடச் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரலுக்கு அடியில் பொத்தான் பாதி இறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, அடுத்து கொய்யா மரம், அதுக்கு அடுத்த இடம். அக்கா கோட்டோடு கோடாக உள்ளே சரிந்தாள். அப்படியே, பிரின்சியின் கை நேற்று எப்படிச் சரிந்ததோ அப்படி, ஒரு இழை பிசகாமல். கடையிலிருந்து போன் வந்ததும் டின்னை இன்னொரு கைக்கு மாற்றின இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கும், அதிலும் ஒரு வெட்டு வெட்டினாள். பிறகு கோடு வெளியே வந்தது, அக்காவும் வெளியே வந்தாள், நேர்ப் பகுதிக்குள் போய்விட்டாள். பிரின்சி கட்டைவிரலைத் தளர்த்தினாள். என் அவசரத்தில்தான் அவள் ஓடுகிறாள் என்று நினைத்தாள். யாராவது நம்முடைய கோணலை இவ்வளவு நம்பி மிதிப்பார்களா. டீச்சர் நோட்டில் கோணலாக எழுதினதுக்கு அடிக்கோடு போட்டுத் திருப்பித் தருவார்கள், இவள் அதன்மேல் ஓடிவிட்டுப் போகிறாள். எதிரே வந்து தன்னைக் கடந்து போகும்போது அக்காவின் மூச்சு கேட்டது, சீராக, இரண்டு உள்ளே இரண்டு வெளியே. ஒன்று முடிந்தது என்று சொல்லத் தோன்றியது. சொல்லக் கூடாது, சத்தம் கொடுத்தால் அதுவும் துணைதான்.

இரண்டாவது சுற்று தொடங்கியதும் பிரின்சி நஸ்ரினிடம் சொல்லிவிட்டாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. தொட்டிப் பக்கம் கோடு கோணல், நான்தான் போட்டேன், நேற்றே தெரியும், மறந்துட்டேன். நஸ்ரின் லேப்டாப்பை மூடக்கூட இல்லை, அப்படியே பார்த்தாள். திட்டுவாள் என்று பிரின்சி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். இதை இப்பவா சொல்வீங்க என்று மட்டும் கேட்டாள், கேட்டுவிட்டுக் கூட வந்த இரண்டு பெண்களையும் தொட்டிப் பக்கம் ஓடச் சொன்னாள். வடிகாலில் இறங்கி நில்லுங்கள், வேலி மாதிரி, அவங்க சரிந்தால் தாங்கிப் பிடியுங்கள், சத்தம் மட்டும் போடாதீர்கள். இரண்டு பேரும் குறுக்கே புல்வெளியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், வடிகாலில் இறங்கினார்கள், துப்பட்டாவைச் சேர்த்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள், வேலி இல்லை, கல்யாண வீட்டில் திரை பிடிக்கிற மாதிரி இருந்தது. அக்கா வந்தாள். தொட்டி, கொய்யா மரம். ஒருத்தியால் சிரிப்பை அடக்க முடியவில்லை போல, இன்னொருத்தி வாயைப் பொத்தினாள். அக்கா சரிந்தாள், வெட்டினாள், அவர்களுடைய மூக்குக்கு முன்னால் கடந்தாள், கடக்கும்போது தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

"வடிகாலுக்குள்ள நிக்காதிய பிள்ளைகளா, பாசி கெடக்கு, வழுக்கும்."

பிரின்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நஸ்ரினும் சிரித்தாள், சிரித்துவிட்டுத்தான் கேட்டாள், அவங்களுக்கு வடிகால் எங்கே இருக்கிறது என்று தெரியுமா. தெரியாமல் எப்படி இருக்கும். ஆறு வருஷமாக இந்த மண்ணை மிதிக்கிறாள், எந்த இடத்தில் மண் இறுகும், எந்த இடத்தில் கொய்யா இலை நசுங்கும், வடிகால் பக்கத்தில் ஈரவாடை எப்போது வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது, நான்தான் கண்ணால் பார்த்துக்கொண்டு ஓடினேன். அப்படியானால் முதல் சுற்றிலேயே அவளுக்குக் கோணல் தெரிந்திருக்கும். பட்டை ஒன்று சொல்லும், பாதம் ஒன்று சொல்லும், இரண்டும் ஒத்துப் போகாத இடத்தில் யாரோ அவசரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்று புரிந்திருக்கும். யார் என்றும் புரிந்திருக்கும். வேறு யார் இப்படிப் போடுவார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த சுற்றும் அதன்மேல்தான் ஓடுகிறாள்.

சொல்லாமல் விடுவது அக்காவுக்குப் புதுசு இல்லை. மதுரையிலும் சொல்லவில்லை. போன வருஷம் மாநிலப் போட்டி, ஆயிரத்து ஐநூறு மீட்டர். கடைசி நூறு மீட்டரில் கயிற்றைத் தளர விட்டதும் அக்கா பறந்தாள், பக்கத்தில் யாருமே இல்லை, முதலிடம். கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது பிரின்சியின் மார்பு தானாக முன்னால் போய்விட்டது. வேண்டுமென்று இல்லை. ஆறாவதிலிருந்து சொல்லிக் கொடுத்தது அதுதானே, கோட்டைப் பார்த்தால் மார்பைக் கொடு, ஒரு அங்குலம் என்றாலும் ஒரு அங்குலம். அது உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூட ஓடுகிறவள் கோட்டை முதலில் தாண்டினால் இரண்டு பேரும் போட்டியிலேயே இல்லை, முதலிடமும் போச்சு. கேமராவில் போட்டுக் காட்டினார்கள், ஆவுடையக்காவால் அதைப் பார்க்க முடியாது, பக்கத்தில் நின்று ஒரு அதிகாரி சொல்லச் சொல்லக் கேட்டாள். எவ்வளவு முன்னால என்று மட்டும் கேட்டாள். ஒரு கை அகலம் என்றார் அவர். அக்கா தன் கையை விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஊருக்கு வருகிற பஸ்ஸில் சாத்தூர் வரைக்கும் பேச்சில்லை. பிரின்சிக்கு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. சாத்தூர் தாண்டினதும் அக்கா முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"ஏட்டி, கடேசி பத்தடியில மூச்ச உள்ள இழுத்துப் பாரு. மார் முன்னால போவாது. நாளைக்கு வேண்டாம், காலு வலிக்கும். நாளக்கழிச்சு அஞ்சரைக்கு வந்துரு."

அவ்வளவு தூரமும் அவள் மௌனமாக இருந்தது கோபத்தில் இல்லை, அந்தப் பத்தடியை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பிரின்சி சரி என்றாள். சாரி சொன்னாளா என்றால் இல்லை. நன்றி சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. வேறு ஆளை வைத்துக்கொள் என்று தங்கதுரை சார்கூடச் சொன்னார், அக்கா மூன்றாம் நாள் ஐந்தரைக்குக் கேட்டில் நின்றாள், ஷூ லேஸ் புதுசு. இப்போது மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருக்கிறது. பிரின்சி எண்ணுவதை விட்டுவிடக் கூடாது, எண்ணுவது ஒன்றுதான் பாக்கி இருக்கிற வேலை. வெயில் இரண்டாவது படிக்கு வந்துவிட்டது. அக்காவின் நிழல் முன்னால் போகிறது, வளைவில் பக்கத்துக்கு வருகிறது, பின்னால் தங்குகிறது. வலது கை. பிரின்சி எழுந்து நின்றாள். வலது கை வயிற்றை விட்டு வந்துவிட்டது. முதலில் முழங்கை மட்டும், அப்புறம் தோளோடு, இப்போது முழுசாக, முன்னும் பின்னும், இடது கைக்குச் சமமாக, விரல் விரிந்து. ஆறு வருஷமாக யாரோ ஒருத்தர் கையோடு சேர்ந்து வீசின கை அது, அதுக்கு முன்னால் பத்து வருஷம் வீசவே இல்லாத கை. எனக்கு முன்னால் இரண்டு பேர் அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள், அவர்களும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன். நஸ்ரின் பட்டை செய்ததால் பார்த்தேன், அக்கா என்னைப் பிடித்து இந்தப் படியில் உட்கார வைத்ததால் பார்த்தேன். மழை பெய்யட்டும் என்று நினைத்தேனே, நல்லவேளை இன்றைக்குப் பெய்யவில்லை. யாருக்கு இதைச் சொல்வது என்று தெரியாமல் நஸ்ரினிடம் கை வீசுறதைப் பாருங்க என்றாள். நஸ்ரின் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, ஆமா, இடது மோட்டார் இந்தச் சுற்றில் ஏழு தடவைதான் துடித்திருக்கிறது, முதல் சுற்றில் முப்பத்தொன்று என்றாள். சரி, அவளுக்கு அது. அதுவும் நல்ல விஷயம்தான்.

நாலாவது சுற்றில் பிரின்சிக்குப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. தொட்டி வந்தது, பெண்கள் வடிகாலை விட்டு மேலே ஏறி விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அக்கா கோணலில் சரிந்து கோணலில் வெளியே வந்தாள். இனி நேர். நூறு மீட்டர். இந்த நேரத்தில் கயிற்றைத் தளர விடுவேன், அக்கா அதை உணர்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள், மூக்கால், ஹும் என்று. இப்போது தளர விட என் கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அக்கா வேகம் எடுத்தாள், தானாக எடுத்தாள், எங்கே எடுக்கணும் என்று யாரும் சொல்லவில்லை. வருகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஐம்பது. முப்பது. பிரின்சி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள், எதுக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அக்காவின் நெஞ்சு கோட்டைத் தாண்டினதும் அமுக்கினாள். பொத்தான் க்ளிக் என்றது. அழுத்தமாக, முழுசாக, ஐந்து எண்ணுகிற வரைக்கும் அமுக்கிப் பிடித்தாள்.

அக்கா நிற்கவில்லை. பட்டை துடித்தது, பிரின்சிக்குத் தெரிந்தது, அக்காவின் இடுப்பு ஒரு நொடி நெளிந்தது, கூச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. மோவாய் இன்னும் கொஞ்சம் மேலே போனது. அவ்வளவுதான், கால் நிற்கவில்லை, அடுத்த வளைவைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள். நஸ்ரின் பதறிப்போய், வேலை செய்யலையா, மறுபடியும் அமுக்குங்க, மறுபடியும் அமுக்குங்க என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினாள். லேப்டாப்பில் நாலு மோட்டாரும் துடித்ததாகத்தான் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வயரில் எங்கோ விட்டுப்போயிருக்கும் என்றாள். பிரின்சி ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

"எல்லாம் துடிச்சிச்சு. அவளுக்குத் தெரியும்."

"பின்ன ஏன் நிக்கல?"

இத்தனை நாளும் நில் என்றால் நின்றாள். கயிற்றை இறுக்கினால் நின்றாள், சார் விசில் அடித்தால் நின்றாள், போதும்ட்டி என்று தானாகச் சொன்னது கிடையாது, இன்னும் ஒன்று என்று சொன்னதும் கிடையாது. கூட ஓடுகிறவளுக்கு மூச்சு வாங்கும், கடைக்கு நேரமாகும், கேட்டால் பிரின்சி மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், அதனால்தான் அக்கா கேட்டதே இல்லை. பிரின்சிக்கு இதெல்லாம் நஸ்ரினிடம் சொல்ல நேரம் இல்லை. அக்கா முதல் வளைவில் திரும்பிவிட்டாள், இரண்டு கையும் வீசுகிறது, பின்னால் செம்மண் புழுதி கிளம்புகிறது.

"நிக்க மனசில்ல, அவ்வளவுதான்" என்றாள் பிரின்சி. படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. இங்கருந்து பாத்தா நல்லாத் தெரியும்."